வேண்டாம் என்று சொன்ன பைலட்

2024 ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, உத்தராகண்டில் கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டர் கிளம்பும் ஃபாட்டா ஹெலிபேடில் நின்றுகொண்டு நான் ஒரு பைலட்டைப் பார்த்துக் கத்தினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு குறுகுறுக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்குப் போகும் 16 கிலோமீட்டர் மலைப்பாதையில் அவரால் ஒரு கிலோமீட்டர்கூட ஏற முடியாது. ஆனால் அப்பா இருந்தபோதே இரண்டு பேரும் சேர்ந்து போவதாக வேண்டிக்கொண்டு, அது நடக்காமலேயே அப்பா போய்விட்டார். சரி, ஹெலிகாப்டரில் கூட்டிப்போவோம் என்று ஐஆர்சிடிசி தளத்தில் பல நாள் முயற்சி செய்து டிக்கெட் எடுத்து, திருச்சியிலிருந்து டெல்லி, அங்கிருந்து ஹரித்வார், அப்புறம் ஒரு முழு நாள் மலைச்சாலையில் கார் என்று வந்து சேர்ந்திருந்தோம். வெயிட் மிஷினில் ஏற்றி எடை பார்த்தார்கள். கையில் பை வேண்டாம் என்றார்கள். அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு, வில்வம் வைத்த சின்ன டப்பாவை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்கு முன்னால் இரண்டு ஓட்டம் போய் வந்தது. மூன்றாவது எங்களுடையது. பைலட் இறங்கி வந்து, பள்ளத்தாக்கின் மேல்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். எனக்குத் தெரிந்தவரை வானம் நன்றாகத்தான் இருந்தது. தூரத்தில் இரண்டு மலைகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு மேகத்துண்டு, அவ்வளவுதான். அரை மணி நேரம் ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று, கூட்டம் சத்தம் போட ஆரம்பித்தது, நானும் சேர்ந்துகொண்டேன். பத்து நிமிஷம்கூட ஆகாத பயணம், இப்போதுதானே இரண்டு தடவை போய் வந்தீர்கள், வயசானவர்களை இப்படி உட்கார வைத்திருக்கிறீர்களே என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த ஆள் பைலட்டைத் தனியாகக் கூப்பிட்டு என்னமோ மெதுவாகப் பேசினார். பைலட் மறுபடியும் தலையை ஆட்டினார். அப்புறம் அவரே எங்கள் பக்கம் வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், நரைத்த மீசை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். "மாஜி, உள்ளே போக எனக்குத் தெரியும். அங்கே மூடிக்கொண்டால் திரும்ப இடம் இல்லை" என்றார்.

அன்றைக்கு அதற்கப்புறம் அங்கிருந்து யாரும் பறக்கவில்லை. மறுநாள் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அம்மா குப்தகாசியில் விஸ்வநாதர் கோயிலில் வில்வத்தை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் ஊருக்குத் திரும்பினார். எனக்குத்தான் ஆத்திரம் தீரவில்லை.

அந்த ஆத்திரம் தீர்ந்தது, நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்த பிறகு. படிக்க வைத்தவன் அக்கா மகன். பிளஸ் டூ முடித்துவிட்டு பைலட் ஆகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன். அவனுக்காக விசாரித்து விசாரித்து எனக்கே பறப்பின் மேல் ஒரு பித்துப் பிடித்துவிட்டது.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கேதார்நாத் கடல்மட்டத்திலிருந்து 3,583 மீட்டர், அதாவது ஏறக்குறைய 11,750 அடி. ஆனால் ஹெலிகாப்டருக்கு அந்த உயரம் பொருட்டில்லை, காற்று எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதுதான் பொருட்டு. அந்த உயரத்தில் பொதுக் கணக்குப்படி சுமார் மைனஸ் 8 டிகிரி இருக்கவேண்டும். ஜூன் மாதப் பகலில் 12 டிகிரி இருந்தால், 20 டிகிரி கூடுதல் சூடு. சூடான காற்று லேசானது. அந்தக் கணக்கைப் போட்டால், மேலே சுழலும் இறக்கைகளுக்கு, அதாவது ரோட்டாருக்கு, அது 14,000 அடி மாதிரி. கடல்மட்டத்தில் இருக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு அங்கே இல்லை. இறக்கை கடைந்து தூக்கவேண்டிய சரக்கே குறைவு, எஞ்சின் மூச்சு விடுவதற்கும் அதே மெல்லிய காற்றுதான். நம்மை வெயிட் மிஷினில் ஏற்றி எடை பார்ப்பது இதனால்தான். நானோ அன்றைக்கு அதை அவமானமாக நினைத்து முகம் சுளித்தேன்.

அடுத்தது, இடம் ஒடுக்கம். குறுகிய பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மலை. அங்கே பறப்பது முழுக்கக் கண்ணை நம்பித்தான். விமான நிலையத்தில் இருப்பதுபோல மேகத்துக்குள்ளிருந்து ஓடுபாதைக்கு இழுத்து வந்து விடும் கருவி எதுவும் கிடையாது. ஷட்டிலுக்கு அதிகம் ஓடுவது பெல் 407 மாதிரி ஒற்றை எஞ்சின் வண்டிகள், ஒரே ஒரு பைலட். எஞ்சின் நின்றுவிட்டால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழும் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பைலட் இடதுகை நெம்புகோலை உடனே இறக்கி இறக்கைகளின் சாய்வைக் குறைத்தால், கீழிருந்து மேலே வரும் காற்றிலேயே ரோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும், அந்தச் சுழற்சியைச் சேர்த்து வைத்து கடைசி நொடியில் செலவழித்து மெதுவாகத் தரையைத் தொடலாம். பயிற்சியில் ஒவ்வொரு பைலட்டும் இதைச் செய்துகாட்டவேண்டும். ஆனால் அதற்கு ஓரிரு வினாடிக்குள் கை நகரவேண்டும், கையில் கொஞ்சம் உயரமோ வேகமோ இருக்கவேண்டும், கீழே ஒரு சமதளம் இருக்கவேண்டும். அந்த மந்தாகினி ஆற்றுப் பள்ளத்தாக்கில் சமதளத்துக்கு எங்கே போவது?

இதெல்லாம் இயந்திரத்தின் பக்கம். எனக்கு மனசில் ஆழமாகத் தைத்தது மனுஷன் பக்கம்.

அக்கா மகனுக்கு முதலில் இரண்டாம் வகுப்பு மெடிக்கல், அதாவது பைலட்டுக்கான உடல்தகுதிச் சோதனை. கமர்ஷியல் லைசென்ஸ் வேண்டுமென்றால் அதற்கப்புறம் முதல் வகுப்பு மெடிக்கல், கூடவே 200 மணி நேரப் பறப்பு. இரண்டாம் வகுப்புக்கு அவன் போனபோது நான்தான் கூடப் போனேன். ரத்தம், சிறுநீர், இசிஜி, எக்ஸ்ரே, காது, கண். கலர் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் இஷிஹாரா புத்தகத்தை அவன் கடகடவென்று படித்தான். கண்ணாடி போட்டிருந்தால் பைலட் ஆக முடியாது என்று நம் ஊரில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது தப்பு. கண்ணாடியோடு பார்வை வேண்டிய அளவுக்கு இருந்தால் போதும்.

சிக்கல் வந்தது விண்ணப்பத்தில். முன்பு எப்போதாவது மயக்கம் போட்டு விழுந்ததுண்டா என்று ஒரு கேள்வி. பத்தாம் வகுப்பில் சுதந்திர தின அணிவகுப்பில் வெயிலில் நின்று அவன் ஒரு தடவை மயங்கி விழுந்திருக்கிறான். அதற்கு முந்தைய நாளே அக்கா போன் பண்ணி, "அதையெல்லாம் எழுதித் தொலைக்காதடா" என்றாள். விசாரித்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். பயிற்சிப் பள்ளிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒருவர், "டிக் எல்லாம் 'இல்லை' பக்கம்தான் தம்பி, யோசிக்கவே கூடாது" என்று ஏதோ தேர்வுக்கு டிப்ஸ் தருவதுபோலச் சொன்னார். பையன் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "மாமா, முதல் பேப்பர்லயே பொய்யா?" என்றான்.

எழுதினான். டாக்டர் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார், மூளை அலைப் பதிவு, இதயச் சோதனை என்று செலவு. தற்காலிகமாகத் தகுதியில்லை என்று வந்தது, மூன்று மாதம் காத்திருந்தான், அப்புறம் தகுதி என்று வந்தது. அந்த மூன்று மாதமும் வீட்டில் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னதால் ஒரு பையனின் வாழ்க்கையில் மூன்று மாதமும் கொஞ்சம் பணமும் போயிற்று, பதினெட்டு வயதில் அது தாங்கும். நாற்பது வயதில், வீட்டுக்கடனும் இரண்டு குழந்தைகளும் இருக்கும்போது?

அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 3,765 பைலட்களிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், மெடிக்கல் போய்விடுமோ என்ற பயத்தில் ஏதோ ஒரு விதத்தில் மருத்துவ உதவியைத் தவிர்த்திருக்கிறோம் என்று சொன்னவர்கள் 56 சதவீதம். பாதிக்கு மேல். சோதனையைக் கடுமையாக்க ஆக்க டாக்டரிடம் போவதே குறைகிறது என்றால் அந்தக் கடுமையால் யாருக்கு லாபம்?

2015 மார்ச் 24 அன்று பார்சிலோனாவிலிருந்து டுசல்டார்ஃப் போன ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை பைலட்டே ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்டார், 150 பேர் இறந்தார்கள். அவர் செய்ததற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் பிரெஞ்சு விசாரணை அறிக்கையில் ஒரு விஷயம் இருக்கிறது: இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு டாக்டர் அவரை மனநல மருத்துவமனையில் சேரச் சொல்லியிருக்கிறார். அவரும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை, நிறுவனத்துக்கு எதுவுமே தெரியாது. அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் பைலட் தகுதி இழந்தால் வரும் பண நஷ்டத்துக்கு வழி செய்யுங்கள் என்பதும், சக பைலட்கள் கைகொடுக்கும் குழுக்களை அமையுங்கள் என்பதும் இருந்தன. அவ்வளவு பெரிய கோரத்துக்குப் பிறகு இன்னும் பத்து சோதனை சேருங்கள் என்று நிறுத்திக்கொள்ளாமல், சொன்னவன் தெருவில் நிற்காதபடி பாருங்கள் என்று எழுதிய அந்த அதிகாரிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

மெடிக்கல் கணக்கில் இன்னொன்றும் உண்டு. இதய நோய் மாதிரி விஷயங்களில் பல நாடுகள் ஒரு சதவீத விதி என்று ஒன்றை வைத்திருக்கின்றன. ஒரு வருடத்துக்குள் பைலட் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்குள் இருந்தால் பறக்க விடலாம். ஒரு சதவீதமா என்று பதறவேண்டாம். வருடத்துக்கு 8,760 மணி நேரம், ஆகவே மணிக்குப் பார்த்தால் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று. அதிலும் தரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆபத்தான நேரம் பயணத்தில் பத்தில் ஒரு பங்கு. அப்போதும் பக்கத்து இருக்கையில் இன்னொருவர் இருக்கிறார், அவர் சமாளிக்கத் தவறுவது நூற்றில் ஒரு தடவை என்று வைத்துக்கொள்கிறார்கள். எல்லாம் பெருக்கினால் நூறு கோடி மணி நேரத்துக்கு ஒன்று. அழகான கணக்கு. ஆனால் அந்த அழகு முழுக்க இரண்டாவது பைலட்டை நம்பி இருக்கிறது. ஒற்றை ஆள் ஓட்டும் ஹெலிகாப்டரில் அந்த வரி அப்படியே அடிபட்டுப் போகிறது, அதுவும் பயணம் முழுக்கத் தரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில். அதனால்தான் சர்வதேச விதியில் பயணிகளை ஏற்றித் தனியாக ஓட்டுபவருக்கு 40 வயதுக்கு மேல் 6 மாதத்துக்கு ஒரு மெடிக்கல், 60 வயதோடு நிறுத்தம். இரண்டு பேர் ஓட்டுவதில் 65 வரை போகலாம்.

சரி, இவ்வளவு சோதனையிலும் தேறி வந்த காது ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு குறையும் இல்லாத காது. அந்தக் காதுதான் மேகத்துக்குள் ஆளைக் கொல்கிறது. இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் ஃபாட்டாவில் நான் பார்த்த அந்த வெள்ளைத் துண்டு எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அதற்குள் நீர். தலை திரும்பினால் குழாய் நகரும், நீர் பின்தங்கும், அந்த வித்தியாசத்தை மூளை திருப்பம் என்று படிக்கும். ஆனால் ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால் பத்து இருபது வினாடியில் நீரும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும், மூளை நேராகப் போகிறோம் என்று முடிவு கட்டிவிடும். வீட்டில் சுழலும் ஆபீஸ் நாற்காலியில் அக்கா மகன் என்னை உட்கார வைத்து, கண்ணைத் துணியால் கட்டி, சீராகச் சுற்றினான். எந்தப் பக்கம் சுற்றுகிறோமோ அந்தப் பக்கம் கட்டைவிரலைக் காட்டவேண்டும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டதாகத் தோன்றி விரலை நேராக்கினேன், அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவன் பிடித்து நிறுத்தியதும் நான் எதிர்ப்பக்கம் படுவேகமாகச் சுழல்வதாகச் சத்தியம் செய்தேன். கண்ணை அவிழ்த்தால் நாற்காலி அசையாமல் நிற்கிறது, அம்மா காய் நறுக்கிக்கொண்டு சிரிக்கிறார். விமான மருத்துவ மையங்களில் இதற்கென்றே உள்ள நாற்காலிக்கு பாரானி என்று பெயர், உள்காது ஆய்வுக்காக 1914-இன் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரானியின் பெயர்.

கண் திறந்திருக்கும்வரை காதின் பொய்யைக் கண் திருத்திக்கொண்டே இருக்கும். மேகத்துக்குள் அந்தத் திருத்தம் போய்விடுகிறது. 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவி பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 மாணவர்களைப் போலி மேகத்துக்குள் ஓட்ட வைத்துப் பார்த்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடி. மூன்று நிமிஷம்கூட இல்லை. அதுவும் விமானத்தில். விமானம் கையை விட்டாலும் கொஞ்ச நேரம் தானாக நேராகப் போகும், சிறிய ஹெலிகாப்டர் அப்படிப் போகாது, இரண்டு கையும் இரண்டு காலும் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கவேண்டும்.

அனுபவம் காப்பாற்றும் என்று நினைத்தால், அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இறந்த விபத்தைப் பாருங்கள். 2020 ஜனவரி 26, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கலபாசாஸ் குன்று, சிகோர்ஸ்கி எஸ்-76பி, ஒன்பது பேர். பைலட்டுக்கு 8,500 மணி நேரத்துக்கு மேல் அனுபவம், கருவி பார்த்து ஓட்டும் தகுதியும் இருந்தது. எஞ்சின்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. மேகத்துக்கு மேலே போக 4,000 அடிக்கு ஏறுகிறேன் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறார், அதைச் சொல்லும்போது ஹெலிகாப்டர் இடப்பக்கம் சாய்ந்து வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, அவர் உடம்பு அவருக்கு அப்படித்தான் சொன்னது. நிறுவனமோ வாடிக்கையாளரோ அழுத்தம் கொடுத்ததாக விசாரணையில் தெரியவில்லை. பெரிய மனிதரைக் குறித்த இடத்தில் சேர்த்துவிடவேண்டும் என்று பைலட்டே தனக்குத்தானே ஏற்றிக்கொண்ட அழுத்தம் ஒரு காரணம் என்று எழுதினார்கள். அதைப் படித்தபோது ஃபாட்டாவில் அந்த மனிதரைச் சுற்றி நின்று கத்திய எங்கள் கூட்டம் கண்ணுக்கு முன்னால் வந்தது. யாரும் கத்தாமலே ஒருவருக்கு அவ்வளவு அழுத்தம் என்றால்?

நம் நீலகிரியிலும் இதுதான் நடந்தது. அது ராணுவப் பறப்பு, வேறு விதிகள், வேறு இயந்திரம், ஆனால் மேகத்துக்கு அதெல்லாம் தெரியாது. 2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன எம்ஐ-17 ஹெலிகாப்டர் குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது, 14 பேரும் போனார்கள். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் நுழைந்ததும், அதனால் பைலட்டுக்குத் திசையுணர்வு தப்பியதும் காரணம் என்று விமானப்படையின் விசாரணை சொன்னது. தண்டவாளத்தில் நின்றவர்கள் கைப்பேசியில் எடுத்த அந்த வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம்.

கேதார்நாத்தில் 2022 அக்டோபர் 18 அன்று கருட சட்டி பக்கம் பெல் 407 ஒன்று மோதி பைலட்டும் ஆறு யாத்ரிகர்களும் இறந்தார்கள், அந்த ஆறு பேரில் மூன்று பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். இது தெரிந்தும்தான் நான் கத்தியிருக்கிறேன். 2025 ஜூன் 15 அதிகாலை கேதார்நாத்திலிருந்து குப்தகாசிக்கு இறங்கிய இன்னொரு பெல் 407 கௌரிகுண்டு பக்கக் காட்டில் விழுந்தது. ஏழு பேர், அதில் இரண்டு வயது நிரம்பாத ஒரு குழந்தை. பள்ளத்தாக்கில் மேகம் இறங்கியிருந்தது. அந்த நிறுவனத்தின் யாத்திரைச் சேவையை நிறுத்தினார்கள், அதே வானிலையில் பறந்த வேறு இரண்டு பைலட்களின் லைசென்ஸை 6 மாதத்துக்கு முடக்கினார்கள். முடக்கியது சரிதான். ஆனால் பறந்தவருக்குத் தண்டனை உண்டு என்பது எல்லோருக்கும் தெரிகிறது, பறக்காதவருக்கு என்ன பாதுகாப்பு என்பதை யாரும் சொல்லவில்லை. எத்தனை ஓட்டமோ அத்தனை டிக்கெட் காசு என்று நடக்கும் தொழிலில், வருடத்தில் சில மாதமே கிடைக்கும் யாத்திரைக் காலத்தில், மதியத்துக்குள் மேகம் ஏறிவிடும் ஊரில், ஒரு பைலட் இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னால் அவருடைய ஒரு ரூபாய்கூடக் குறையக்கூடாது, கவுன்ட்டர் ஆள் அவரைத் தனியாகக் கூப்பிடவே கூடாது. பணத்தை உடனே திருப்பித் தருவதோடு நிற்காமல் மறுநாள் இடமும் அந்தப் பயணிகளுக்குத்தான் என்று எழுதி வையுங்கள், பாதிக் கூச்சல் அப்போதே அடங்கும். என் கூச்சல் அடங்கியிருக்கும். பள்ளத்தாக்கின் மேல்முனையில் கேமராவும் வானிலை ஆளும் வையுங்கள், பறக்கலாமா என்ற முடிவு அந்த ஒரு மனிதர் தலையில் மட்டும் விழாமல் இருக்கட்டும். மெடிக்கல் விண்ணப்பத்தில் உண்மையை எழுதிய பையனுக்கும் இதே நியாயம்தான் வேண்டும்.

ஜூன் 15 செய்தியை அம்மா டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் பேசவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, திருவானைக்கோயிலுக்குக் கூட்டிப்போ என்றார். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் வழக்கம்போலப் பேர், நட்சத்திரம் கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தத் தம்பி பேரு என்னடா?"

நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேரு தெரியாது சாமி, ஹெலிகாப்டர் ஓட்டறவர், மீசை வெச்சிருப்பார்" என்றார். குருக்கள் சுவாமி பேருக்கே செய்துவிடுகிறேன் என்று சொல்லித் தட்டோடு உள்ளே போனார்.